மணற்காட்டுச் சுவரும் உச்சி வெயிலும்

இந்த வருடம் மணற்காட்டுக்கு ஒன்பது தடவை போய் வந்துவிட்டேன். ஒன்பது தடவையும் ஒரே இடம்தான். யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், மணல் மேடுகளுக்கு நடுவே கூரையில்லாமல் நிற்கும் பழைய அந்தோனியார் கோயில். நீர்வேலியில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து ஸ்கூட்டியை எடுத்தால், புத்தூர், ஆவரங்கால், வல்லை வெளி, நெல்லியடி, மந்திகை என்று போய், வல்லிபுரம் தாண்டி அங்கே சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். வல்லை வெளியில் காற்று ஸ்கூட்டியையே பக்கவாட்டில் தள்ளும். கமராப் பையை முதுகில் போடாமல் முன்னால் காலடியில் வைத்துக்கொண்டு போகப் பழகியதும் அந்த வெளியில்தான்.

கமரா ஒரு பழைய கேனன் 700டி. கொழும்பில் இருக்கும் மைத்துனர் புதியது வாங்கியபோது இதை எனக்குத் தந்தார். கூடவே வந்தது 18-55 லென்ஸ். நான் காசு சேர்த்து வாங்கியவை ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஒரு ட்ரைபொட், ஒரு பொலரைசர் ஃபில்டர். பகலில் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறும் லீவு நாட்களும்தான் எனக்குக் கிடைக்கும் வெளிச்சம்.

வெளியில் படம் எடுக்கப் பழக வேண்டும் என்று நினைத்தபோது முதலில் ஊர் ஊராக அலைந்தேன். நல்லூர்த் தேர்முட்டி, கீரிமலை, காரைநகர்க் கடற்கரை. எல்லாப் படமும் ஏதோ வாழ்த்து அட்டை மாதிரி வந்தது. எதனால் நன்றாக வந்தது, எதனால் கெட்டது என்று எனக்கே பிடிபடவில்லை. ஒரு இடத்தைப் பிடித்து அங்கேயே நின்று பார்ப்போம் என்று தோன்றியது அதனால்தான். மணற்காட்டைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், அங்கே மறைப்பு எதுவும் இல்லை. மின்கம்பம் இல்லை, விளம்பரப் பலகை இல்லை, மதிலில்லை. சுவர், மணல், வானம். வெளிச்சம் என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட வெறுமையான இடம் யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரியாது.

கோயிலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சுவர்கள் முருகைக்கல்லால் கட்டியவை. கடலிலிருந்து வந்த கல், அதே கடற்கல்லையும் சிப்பியையும் சுட்டு எடுத்த சுண்ணாம்புச் சாந்து. பூச்சு பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால், கல்லுக்குள் பூப்பூவாய், தேன்வதை போல, பவளப் பூச்சி இருந்த கண்ணறைகள் தெரியும். வளைவு வாசல்கள் நிற்கின்றன, அவற்றுக்கு மேலே வானம். மணல் உள்ளே வந்து தரையை எடுத்துக்கொண்டுவிட்டது. சுற்றிலும் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும், கொஞ்சம் தள்ளிச் சவுக்கங்காடு. ஊராரின் சேமக்காலையும் அந்த மணலுக்குள்தான், சிலுவைகள் மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்தது. அந்தச் சிலுவைகளை நான் படம் எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை போனது ஜனவரியில், வாடைக்காற்றும் மப்புமாக இருந்த ஒரு ஞாயிறு பின்னேரம். கோயில் முழுவதையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிட வேண்டும் என்ற அவசரம். முன்னால் போய் நின்று, லென்ஸை ஆக அகலமான 18 மி.மீ. இல் வைத்து, கமராவை மேலே தூக்கி எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் கோயில் மல்லாக்க விழுவது போல் இருந்தது. இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தன. கமராவை நிமிர்த்தினால் நிலைக்குத்துக் கோடுகள் இப்படித்தான் கூடும் என்று படித்திருந்தேன். ஆனால் படித்ததும் கண்ணால் பார்த்ததும் வேறு வேறு. கணினியில் அதை இழுத்து நேராக்கலாம். நேராக்கினால் படத்தின் இரண்டு மூலையும் போய்விடும், மேல் பக்கத்துக் கற்கள் நீண்டுவிடும். இருநூறு வருடக் கல்லோ நூறு வருடக் கல்லோ, அதை நான் இழுத்து நீட்டுவது சரியாகப் படவில்லை.

இதற்கு மருந்து அந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த கிழமை போனபோது பின்வாங்கி, எதிரே இருந்த மணல் மேட்டில் ஏறினேன். அங்கே நின்றால் என் கண்மட்டம் சுவரின் நடு உயரத்துக்கு வந்துவிடுகிறது. கமராவை நிமிர்த்தத் தேவையே இல்லை. லென்ஸ் 35 இல். ட்ரைபொட்டின் நீர்மட்டக் குமிழியைப் பார்த்துச் சமப்படுத்தி எடுத்தேன். சுவர்கள் நிமிர்ந்து நின்றன. நகரத்தில் ஒரு கட்டடத்தை இப்படி எடுக்க எதிர்வீட்டு மாடிக்குப் படியேற வேண்டும். மணற்காட்டில் மணலே மாடி.

ஆனால் மணல் மேட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கோயிலுக்கும் எனக்கும் நடுவே என் காலடிகள், கோணல்மாணலாக, படத்தின் நடுவில். காற்று வரைந்த மணல் வரிகள் எல்லாம் அழிந்திருந்தன. அன்றையிலிருந்து ஸ்கூட்டியை நிறுத்தியதும் முதல் வேலை, எங்கே நின்று எடுக்கப்போகிறேன் என்று தூரத்திலிருந்தே முடிவுசெய்வது. பிறகு பெரிய வட்டமாகச் சுற்றிப் பின்பக்கத்தால் மேட்டில் ஏறுவேன். முன்பக்க மணலை மிதிக்கும் படங்கள் கடைசிக்கு. இரவு காற்று அடித்திருந்தால் காலையில் மணல் புதுத் தாள் போல் இருக்கும், முதலாவதாகப் போகிறவருக்குத்தான் அது கிடைக்கும். ஆறு மணிக்கு முன்னே போய்ச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றக் காரணம் விடியல். கடல் கிழக்கே, சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும். சூரியன் வரும் முன் எல்லாம் நீலமாகத் தெரியும் நேரத்தைப் புளூ அவர் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தப் பெயரை நம்பி ஒரு மணித்தியாலம் இருக்கும் என்று ஆறுதலாகப் போகாதீர்கள். நாங்கள் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் சாய்வாக ஏறாமல் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறுகிறது. அதனால் சூரியன் தலைகாட்டும் முன் அந்த நீல வெளிச்சம் நிற்பது இருபது நிமிடம் சொச்சம்தான். அதற்குள் ட்ரைபொட்டை நட்டு, குவியத்தை (ஃபோகஸை) சரிசெய்து முடித்திருக்க வேண்டும். இருட்டில் கமரா குவியம் பிடிக்கத் தடுமாறும். கைவிளக்கை வாசல் வளைவில் அடித்து, அதைப் பிடித்துக் குவித்து, லென்ஸில் உள்ள பொத்தானைக் கைமுறைக்கு மாற்றிவிட்டால் பிறகு அது அசையாது.

விடியலில் நான் அதிகம் பழகியது வாசல் வளைவுக்குள்ளால் எடுப்பது. உள்ளே நின்று வெளியே பார்த்தால் வளைவு ஒரு சட்டம் போல. கூரை இல்லாததால் உள்ளே கும்மிருட்டு கிடையாது, மேலிருந்து வெளிச்சம் இறங்கும், அது ஒரு வசதி. வானத்துக்கு அளவு வைத்தால் சுவர் கறுத்துக் கோட்டுருவமாகும். சுவருக்கு அளவு வைத்தால் வானம் வெளிறிப் போகும். மூன்று படம், நடு அளவில் ஒன்று, இரண்டு படி கூட்டி ஒன்று, இரண்டு படி குறைத்து ஒன்று (ஒரு படி கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு), கமராவே தொடர்ச்சியாக எடுத்துத் தரும். பிறகு கணினியில் மூன்றையும் ஒன்றாக்கலாம். சில கிழமை அப்படிச் செய்தேன். இப்போது விட்டுவிட்டேன். மூன்றையும் சேர்த்த படத்தில் எல்லாம் தெரிகிறது, ஆனால் விடியற்காலை தெரியவில்லை. அந்த நேரத்தில் சுவர் கண்ணுக்கும் கறுப்பாகத்தானே இருக்கிறது.

வெயில் ஏறியபின் வரும் சிக்கல் வெள்ளை. வெள்ளைச் சுவர், வெள்ளை மணல், பின்னால் பளபளக்கும் கடல். படங்கள் எல்லாம் அழுக்குத் துணி போல் சாம்பலாக வந்தன. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணி அளவு சொல்லும். வெள்ளைச் சேலையையும் அது சாம்பலாக்கும், கறுப்புக் குடையையும் சாம்பலாக்கும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு ஒரு படி கூட்டினேன், மணல் வெளுத்தது. ஒன்றரைப் படி கூட்டினால் சில நேரம் சுவரின் பூச்சு வெளிறிப்போய் விவரமே இல்லாமல் ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்க்கிறேன். மலைபோன்ற அந்த வரைபு வலது பக்கம் போய் ஓரத்தில் முட்டாமல் நிற்க வேண்டும். கமராத் திரையில் தெரியும் படத்தை மட்டும் நம்பி ஒரு முழுக் காலை வேளையையும் இழந்திருக்கிறேன், வெயிலில் அந்தத் திரை எப்போதும் இருட்டாகத்தான் தெரியும்.

மார்ச்சில் ஒரு நாள் லென்ஸ் மாற்றினேன், அங்கேயே, மணலில் முழங்காலிட்டு, காற்றுக்கு முதுகு காட்டி. பத்து செக்கன்கூட இருக்காது. வீட்டுக்கு வந்து குவிய வளையத்தைத் திருப்பினால் கரகரவென்றது. திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன், திரும்பி வந்த பிறகும் அந்தச் சத்தம் முழுவதும் போகவில்லை. அந்த 50 மி.மீ. லென்ஸ் நான் ஆறு மாதம் சீட்டுக் கட்டி வாங்கியது. இரண்டு நாள் அதைக் கையில் எடுக்கவே மனமில்லாமல் இருந்தேன்.

அடுத்த தடவை போனபோது, கரைப்பக்கமாக வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு ஐயா கூப்பிட்டார்.

"பிள்ளை, போன கிழமையும் நீங்கள்தானே வந்தனீங்கள்?"

"ஓம் ஐயா."

"உந்தச் சுவரில அப்பிடி என்னத்தைப் பாக்கிறியள்?"

வெளிச்சம் பழகுகிறேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. லென்ஸில் மணல் போன கதையையும் சொன்னேன். தன் சேர்ட் பொக்கற்றுக்குள்ளிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினார். தடித்த சொப்பிங் பைக்குள் போட்டு, றப்பர் வளையத்தால் கட்டி வைத்திருந்தார். "எஞ்சினைக் கழட்டிறதெண்டாலும் நாங்கள் வாடிக்குள்ள கொண்டுபோய்த்தான் கழட்டுவம். மணல் காத்தில பறக்கிறது கண்ணுக்குத் தெரியாது பிள்ளை. பல்லில கடிபட்டால்தான் தெரியும். வாய்க்குள்ள கரகரவெண்டால் ஒண்டையும் திறக்காதைங்கோ."

இதைவிடத் தெளிவான புத்திமதி எந்தக் காணொளியிலும் நான் கேட்கவில்லை. இப்போது வீட்டிலேயே ஒரு லென்ஸைப் பொருத்திக்கொண்டு போகிறேன், மாற்றுவதில்லை. ட்ரைபொட்டின் கால்களுக்குச் சொப்பிங் பை கட்டி, அரை அடி மணலுக்குள் இறக்குகிறேன். இறக்கினால் காற்றுக்கும் ஆடாது. நடுத்தண்டில் கமராப் பையைக் கொழுவிவிட்டால் இன்னும் உறுதி. வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறேன், உப்பு பட்டால் திருகுகள் இறுகிவிடும். லென்ஸின் முன் கண்ணாடியில் கடல் ஈரம் மெல்லிய படலமாகப் படியும். அதைத் துடைக்கும் முன் ஊதுகுழலால் மணலை ஊதிவிட வேண்டும். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல்தான். வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிய பிறகு இதெல்லாம் இரட்டிப்பு வேலை.

சரி, உச்சி வெயிலுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வெளியில் படம் எடுக்கிற எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள். காலையில் எடு, மாலையில் எடு, பத்து மணிக்குப் பிறகு கமராவை மூடிவை. நானும் அப்படியே நம்பியிருந்தேன். ஏப்ரல் 15, வருடப் பிறப்புக்கு அடுத்த நாள். அம்மாவும் வருகிறேன் என்றா. இரண்டு பேரும் வெள்ளனப் புறப்பட்டோம். புலோலியில் பின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. வருடப் பிறப்புக் கொண்டாட்டத்தில் கடைகள் பூட்டு. ஒருவர் வீட்டிலிருந்து வந்து ஒட்டித் தர, நாங்கள் மணற்காடு போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. அம்மா ஒரு சவுக்கின் கீழே பாயை விரித்து, தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து உட்கார்ந்துவிட்டா. இனி என்ன படம் என்று நான் கமராவை எடுக்காமல் கோயிலுக்குள் சும்மா நடந்தேன்.

கடல் பக்கச் சுவரைக் கடந்தபோது நின்றுவிட்டேன். அதே சுவர். ஜனவரியிலிருந்து பார்த்துவந்த சுவர். ஆனால் அன்று அதன் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழும்பி நின்றது. காலை வெயிலில் தட்டையான வெள்ளைத் தாளாகத் தெரிந்த இடத்தில், கல்லுக்குள் இருந்த பவளக் கண்ணறைகள் ஒவ்வொன்றும் ஒரு சொட்டுக் கறுப்போடு தெரிந்தன. பூச்சு மிச்சமிருந்த ஒரு முழ அகலத்தில், யாரோ சாந்தகப்பையால் வளைத்து இழுத்த கோடுகள், விசிறி விசிறியாக. கொத்தனாரின் கை போன திசையைச் சொல்லலாம் போல இருந்தது.

ஏன் என்று பிறகு வீட்டில் தாளில் கீறிப் பார்த்தேன். ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. இன்னொரு தடவை ஓகஸ்ட் கடைசியில். அந்த நாட்களில் மத்தியானம் 12 மணி 10 நிமிடம் அளவில் நட்ட கம்பத்துக்கு நிழல் விழாது. தரைக்கு அது கெட்ட வெளிச்சம், மணல் வெறும் வெள்ளை. முகத்துக்கும் கெட்டது, கண் குழிக்குள் இருட்டு. ஆனால் நிமிர்ந்து நிற்கும் சுவருக்கு அந்த வெயில் மேலிருந்து கீழே, சுவரை உரசிக்கொண்டு இறங்குகிறது. காலையில் சுவருக்கு எதிரே நின்று முகத்தில் அடித்த வெயில், இப்போது பக்கவாட்டில் தடவிப் போகிறது. மேடான ஒவ்வொரு துளியும் தன் கீழே ஒரு நிழலைப் போடுகிறது. மாலை வெயில் மணல் வரிகளுக்குச் செய்வதை, உச்சி வெயில் சுவருக்குச் செய்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எனக்கும் மூன்றரை மாதம் தோன்றவில்லை.

சூரியன் நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். அதனால் இந்த உரசல் வெளிச்சம் நெடுநேரம் நிற்காது. கடல் பக்கச் சுவருக்கு உச்சிக்கு முன்னால் ஒரு இருபது நிமிடம். உச்சி தாண்டியதும் அந்தச் சுவர் நிழலுக்குள் போய்விடும், அப்போது தரைப் பக்கத்துச் சுவருக்கு முறை வரும். அன்று ஓடி ஓடி எடுத்தேன். லென்ஸின் துளை (அப்பர்ச்சர்) எஃப் 8, ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 100, ஒளிமானி 1/800 செக்கன் சொன்னது, ஒரு படி கூட்டி 1/400 செக்கனில் எடுத்தேன். சுவருக்கு நேர் எதிரே, கமராவின் முகம் சுவருக்குச் சமாந்தரமாக.

பொலரைசர் ஃபில்டரிலும் அன்று ஒன்று தெரிந்துகொண்டேன். அந்தக் கண்ணாடியைச் சுழற்றினால் வான் நீலம் கருக்கும், சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தில்தான் அது அதிகம் வேலை செய்யும். காலையில் அகல லென்ஸோடு போட்டால் வானத்தின் ஒரு துண்டு மட்டும் கருநீலம், மற்றது வெளிர், திட்டுத் திட்டாக அசிங்கமாயிருக்கும். சூரியன் தலைக்கு நேரே இருக்கும்போது செங்கோணம் என்பது அடிவானம், சுற்றிவர எல்லாத் திசையும். எந்தப் பக்கம் திரும்பி எடுத்தாலும் சுவருக்குப் பின்னால் நீலம் ஒரே சீராக இருந்தது. வெளிச்சம் ஒன்றரைப் படி போகும், உச்சி வெயிலில் அது ஒரு நட்டமே இல்லை.

திரும்பி வந்து அம்மாவுக்குத் திரையைக் காட்டினேன், துவாயை இரண்டு பேர் தலைக்கும் மேலே போட்டு வெயிலை மறைத்துக்கொண்டு. சுவரைப் பெரிதாக்கினேன். அம்மா கனநேரம் பார்த்தா. "இது எங்கட கிணத்தடிச் சுவர் மாதிரிக் கிடக்கு" என்றா.

எங்களிடம் பழைய படங்கள் இரண்டே இரண்டுதான். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்து போனபோது எனக்குப் பதினொரு வயது. ஆல்பங்கள் அலுமாரியில் நின்றுவிட்டன. அடையாள அட்டைகள் வைத்த கவருக்குள் தற்செயலாக இருந்த இரண்டு படங்கள் மட்டும் எங்களோடு வந்தன. அதில் ஒன்று அம்மம்மா கிணற்றடியில் நிற்பது. படப்பிடிப்பாளர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டதாம். அம்மம்மாவின் கண்கள் தெரியாது, புருவத்துக்குக் கீழே கறுப்பு. "முகத்தைக் கெடுத்துப்போட்டான்" என்று அம்மா இன்றைக்கும் குறைப்படுவா. ஆனால் பின்னால் இருக்கும் சுவர்! அம்மப்பா தன் கையால் பூசிய சுவர் அது. சாந்தகப்பை போன வளைவுகள், ஒரு இடத்தில் ஐந்து விரலும் பதிந்த அடையாளம், எல்லாம் அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தில் அப்படியே இருக்கிறது. அந்த வீடு இப்போது இல்லை. அம்மப்பாவின் கை அந்தப் படத்தில் இருக்கிறது. அதே வெயில்தான் அம்மம்மாவின் கண்ணை எடுத்ததும் அவருடைய விரலைத் தந்ததும் என்று, இத்தனை வருடம் அந்தப் படத்தைப் பார்த்தும், அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு நான் படம் எடுக்கும் முறை மாறிவிட்டது. கோயிலை அழகாகக் காட்டும் படங்கள் போதும், நிறையப் பேர் எடுக்கிறார்கள், நன்றாகவும் எடுக்கிறார்கள். நான் சுவர் சுவராக எடுக்கிறேன். ஒரு சுவரை இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் முந்தியதில் மூன்றிலொரு பங்கை மூடும்படி. ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தில் ஒரு அடிமட்டம். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்தச் சுவர் என்று சங்கத்தில் மிஞ்சிய ஒரு பழைய பேரேட்டில் எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் இருந்தது. சிலுவை வடிவத்தில் கட்டியதால் குறூஸ் கேர்க் என்று பெயர். போரில் இடிந்து, இப்போது அந்த இடத்தில் கற்குவியல்தான். நான் அதை முழுதாகக் கண்டதில்லை. பழைய படங்களில் பார்த்திருக்கிறேன், தூரத்திலிருந்து எடுத்த முழுத்தோற்றங்கள். முகப்பு எப்படியிருந்தது என்று அவற்றால் அறியலாம். ஒரு கல்லுக்குப் பக்கத்தில் மறு கல் எப்படி உட்கார்ந்திருந்தது, சாந்தை எப்படி இழுத்தார்கள் என்று நான் பார்த்த படங்களால் அறிய முடியவில்லை. இன்னும் பழைய காலத்துக்குப் போனால், ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயு இங்கே இருந்துவிட்டுப் போய் 1672 இல் அம்ஸ்ரர்டாமில் அச்சிட்ட நூலில் எங்கள் ஊர்த் தேவாலயங்களின் செதுக்குப் படங்கள் இருக்கின்றன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை என்று ஒவ்வொன்றாக. அவற்றைப் பார்க்கும்போது கமரா இல்லாத காலத்திலேயே இவ்வளவு செய்திருக்கிறார்களே என்றுதான் வியப்பேன்.

மணற்காட்டுச் சுவர்கள் நாளுக்கு நாள் உதிர்கின்றன. உப்புக் காற்று ஒரு பக்கம். கலியாணப் படம் எடுக்க வருகிறவர்கள் சுவரில் ஏறி நிற்பது மறுபக்கம். போன மாதம் ஒரு மாப்பிள்ளையைச் சப்பாத்தோடு வளைவின் மேலே ஏற்றிவிட்டார்கள். காலடியில் சாந்து பொலபொலவென்று கொட்டியது. போய்ச் சொன்னேன், இறங்கிவிட்டார், நல்ல பிள்ளை, தெரியாமல் செய்தது. தயவுசெய்து ஏறாதீர்கள். முருகைக்கல் பார்க்கத்தான் பாறை, சாந்து பிடி விட்டால் கையோடு வந்துவிடும். கீழே மணலில் நின்றாலே அந்த வளைவு உங்களை நன்றாகத்தான் காட்டும்.

வலைக்கார ஐயாவுக்கு ஒரு படம் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடல் பக்கச் சுவர், ஏப்ரல் 15, 12 மணி 2 நிமிடம். வாடிக்குள் கொண்டுபோய் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். விரலால் ஒரு கல்லைத் தொட்டு, "இது மூளைக்கல்லு. இது கொம்புக்கல்லு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கடலுக்குள் எந்த ஆழத்தில் எது இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பேரேட்டை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பாதிக்குமேல் சொல்லும் முன் யாரோ கரையிலிருந்து கூப்பிட, எழும்பிப் போய்விட்டார். மிச்சத்தை அடுத்த தடவை சொல்கிறேன் என்றார்.

அடுத்த தடவை ஓகஸ்ட் 28. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சோளகம் அப்போதும் அடிக்கும், மணல் பறக்கும், அதனால் ஒரே லென்ஸ். பதினொன்றரைக்குள் கடல் பக்கச் சுவருக்கு எதிரே ட்ரைபொட் நட்டிருக்க வேண்டும். 12 மணி 10 நிமிடத்துக்குத் தரைப் பக்கத்துச் சுவருக்கு ஓட வேண்டும். நடுவில் இரண்டு நிமிடம் அம்மாவுக்கு. அந்தச் சுவருக்கு முன்னால் தன்னை ஒரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறா. கண்ணுக்குள் இருட்டு விழுமே என்றேன். குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சுவரை மறைக்காமல் எடு என்றா.